துறைகளுக்கு நடுவே மறைந்திருக்கும் தொடர்புகளைத் தரவில் தேடுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு கல்லூரி நூலகத்தில் ஆய்வு மாணவர்களுக்குக் கட்டுரைத் தேடலைக் கற்றுத் தருவது என் வேலையின் ஒரு பகுதி. வேதியியல், தாவரவியல், இயற்பியல், மருந்தியல் என்று எந்தத் துறையிலிருந்து வந்தாலும், இரண்டு துறைகளுக்கு நடுவே யாரும் கவனிக்காத தொடர்பைத் தரவைக் கொண்டு கண்டுபிடிக்க முடியுமா என்ற பேச்சு எழுந்ததும் அவர்கள் கேட்கும் ஐயங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றை அவர்கள் கேட்ட சொற்களிலேயே, எளியதில் தொடங்கிச் சிக்கலானதை நோக்கி, இங்கே தொகுத்திருக்கிறேன். வரிசையாகப் படிப்பது நல்லது. பின்னால் வரும் விடைகள் முன்னால் சொன்னவற்றைச் சார்ந்து நிற்கின்றன.

தரவு என்றால் எண்கள்தானே மேடம்? கட்டுரைகளை எப்படித் தரவு என்று சொல்கிறீர்கள்?

ஒரு கட்டுரையின் தலைப்பு, சுருக்கம், அதற்கு இடப்பட்ட பொருள்தலைப்புகள், அது மேற்கோள் காட்டும் பழைய கட்டுரைகள், வெளியான ஆண்டு ஆகிய ஒவ்வொன்றையும் எண்ணலாம், ஒப்பிடலாம், வரிசைப்படுத்தலாம். எண்ணவும் ஒப்பிடவும் முடிகிற எதுவும் தரவுதான். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் பப்மெட் தளத்தில் மட்டும் 3.5 கோடிக்கும் மேற்பட்ட கட்டுரைப் பதிவுகள் இருக்கின்றன. நாளுக்கு 20 சுருக்கங்களை ஒருவர் விடாமல் படித்தாலும் ஆண்டுக்கு 7,300தான் ஆகும். அந்தக் கணக்கில் எல்லாவற்றையும் படித்து முடிக்க ஏறத்தாழ 4,800 ஆண்டுகள் வேண்டும். மனிதர் படித்துத் தீராத இடத்தில்தான் எண்ணிப் பார்க்கும் முறை பயன்படுகிறது.

சோதனைக்கூட அளவீடுகளிலும் துறை கடந்த ஒழுங்குகளைத் தேடலாம். அதைப் பற்றிய கேள்விகள் பின்பாதியில் வருகின்றன. முன்பாதி முழுவதும் கட்டுரைகளைப் பற்றியது.

எல்லாம் அச்சில் வந்துவிட்டதுதானே? அச்சில் இருப்பது எப்படி மறைந்திருக்கும்?

இந்தப் பக்கத்திலேயே எனக்கு மிக முக்கியமான கேள்வி இதுதான். ஒரு கட்டுரையைப் படிப்பவர்கள் இருக்கிறார்கள்; இன்னொரு கட்டுரையைப் படிப்பவர்களும் இருக்கிறார்கள்; இரண்டையும் படித்தவர் ஒருவர்கூட இல்லை என்றால், இரண்டையும் அருகருகே வைத்தால் மட்டுமே புலப்படும் தொடர்பு எவர் கண்ணிலும் படாது. அது பூட்டி வைக்கப்பட்டதல்ல. நூலகத்தின் இரண்டு அடுக்குகளில் திறந்தே கிடக்கிறது.

ஆஸ்திரியக் கணிதர் யோஹான் ராடோன் 1917-இல் ஒரு கணக்குக்குத் தீர்வு எழுதினார்: ஒரு பரப்பை ஊடுருவும் எல்லாக் கோடுகளின் வழியேயும் கிடைக்கும் கூட்டுத்தொகைகள் தெரிந்தால், அந்தப் பரப்பின் ஒவ்வொரு புள்ளியிலும் இருக்கும் மதிப்பை மீட்டெடுக்கலாம். தென்னாப்பிரிக்காவில் பிறந்த இயற்பியலர் ஆலன் கோர்மாக், உடலை ஊடுருவும் எக்ஸ்ரே கதிர்களிலிருந்து உள்ளுறுப்புகளின் படத்தைப் பெறுவதற்காக அதே கணக்கைத் தாமாகவே தீர்த்து 1963-இலும் 1964-இலும் வெளியிட்டார். ராடோனின் தீர்வு முன்பே இருந்தது என்பதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் அவர் அறிந்தார். சி.டி. ஸ்கேனுக்கு வழிவகுத்த பணிக்காக 1979-இல் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டுடன் சேர்ந்து அவர் நோபல் பரிசு பெற்றார்.

இது அரிதாக நடப்பது அல்ல. அலைகளைப் பிரித்துக் கணக்கிடும் விரைவு ஃபூரியே முறையைக் கூலியும் டூக்கியும் 1965-இல் வெளியிட்டார்கள். அதன் சாரம், சிறுகோள்களின் பாதையைக் கணக்கிடக் கணிதர் காஸ் 1805 வாக்கில் எழுதி வைத்த குறிப்பில் இருந்தது. 1994-இல் நீரிழிவுக்கான ஆய்விதழ் ஒன்று, சர்க்கரை அளவின் வரைகோட்டுக்குக் கீழ் உள்ள பரப்பைக் கணக்கிடும் புதிய முறை என்று வெளியிட்டது, கணித மாணவர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்த சரிவக விதியே. அந்த ஆய்வாளரைக் குறை சொல்வதற்காக இதை நான் எடுத்துக்காட்டுவதில்லை. துறைகளுக்கு இடையே நிற்கும் சுவரின் உயரத்தைக் காட்டத்தான் சொல்கிறேன்.

இதை முதலில் முறையாகச் செய்து காட்டியவர் யார்?

சிகாகோ பல்கலைக்கழகத்தின் நூலகவியல் பள்ளியில் பேராசிரியராக இருந்த டான் ஸ்வான்சன். அவர் படித்தது இயற்பியல், மருத்துவர் அல்லர். 1986-இல் அவர் இரண்டு தொகுதிக் கட்டுரைகளை எடுத்துக்கொண்டார். ஒரு தொகுதி ரேனோ நோயைப் பற்றியது. குளிர் பட்டதும் விரல்களில் ரத்தக் குழாய்கள் சுருங்கி, விரல்கள் வெளுத்து, நீலம் பாரித்து, பிறகு சிவந்து வலிக்கும் நோய் அது. அந்த நோயாளிகளின் ரத்தம் கெட்டித்தன்மை மிகுந்திருப்பதையும், ரத்தம் உறைய உதவும் நுண்துகள்களான ரத்தத் தட்டுகள் எளிதில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதையும் அந்தக் கட்டுரைகள் பதிவு செய்திருந்தன. இன்னொரு தொகுதி மீன் எண்ணெயைப் பற்றியது. மீன் எண்ணெய் ரத்தத்தின் கெட்டித்தன்மையைக் குறைக்கிறது, தட்டுகள் ஒட்டுவதைக் குறைக்கிறது, குழாய்களின் சுருக்கத்தைத் தளர்த்துகிறது என்று அவை கூறின.

இரண்டு தொகுதிகளும் ஒன்றையொன்று மேற்கோள் காட்டவில்லை. மீன் எண்ணெய் ரேனோ நோயாளிகளுக்கு உதவக்கூடும் என்ற வாக்கியம் எந்தக் கட்டுரையிலும் இல்லை. அந்த வாக்கியத்தை எழுதியவர் ஸ்வான்சன். பொதுவில் கிடந்தும் யாரும் கண்டறியாத அறிவு என்று இதை அவர் அழைத்தார். நூலக வேலையில் இருக்கும் எனக்கு, ஒரு நூலகவியல் பேராசிரியர் நோயாளிகளுக்கு ஒரு வழி திறந்துவிட்டார் என்பது இன்றும் மகிழ்ச்சி தரும் செய்தி.

சரி, மீன் எண்ணெய் உண்மையிலேயே வேலை செய்ததா?

ஓரளவுக்கு. 1989-இல் 32 நோயாளிகளை வைத்து, யாருக்கு மீன் எண்ணெய், யாருக்கு ஆலிவ் எண்ணெய் என்பது நோயாளிகளுக்கும் மருத்துவர்களுக்கும் தெரியாதபடி ஒரு பரிசோதனை நடந்தது. வேறு காரணம் ஏதும் இன்றித் தானாக வரும் ரேனோ நோய் உள்ளவர்களுக்கு, குளிர்ந்த நீரில் கையை வைத்தபின் அறிகுறி தோன்றும் வரையிலான நேரம் கூடியது. இன்னொரு நோயின் விளைவாக ரேனோ வந்தவர்களுக்கு அந்தப் பயன் தென்படவில்லை.

இந்த முடிவை மாணவர்களிடம் முழுமையாகச் சொல்வதை நான் வழக்கமாக வைத்திருக்கிறேன். கட்டுரைகளை இணைத்துப் பார்த்ததில் கிடைத்தது ஒரு கருதுகோள். அது எவருக்குப் பொருந்தும், எவருக்குப் பொருந்தாது என்பதைச் சொன்னது பரிசோதனை. கணினித் திரையில் ஒரு தொடர்பு தெரிந்ததும் 'கண்டுபிடித்துவிட்டேன்' என்று எழுதத் தொடங்குபவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஏ–பி–சி முறை என்கிறார்களே, அது என்ன?

ஸ்வான்சன் செய்ததன் எலும்புக்கூடு அதுதான். ரேனோ நோய் 'சி', மீன் எண்ணெய் 'ஏ', இரண்டோடும் தனித்தனியே தொடர்புடைய ரத்தத்தின் கெட்டித்தன்மை முதலியவை 'பி'. ஏ-வுக்கும் பி-க்கும் தொடர்பு உண்டு என்று ஒரு தொகுதி சொல்கிறது. பி-க்கும் சி-க்கும் தொடர்பு உண்டு என்று இன்னொன்று சொல்கிறது. ஏ-வையும் சி-யையும் சேர்த்து ஒருவரும் பேசவில்லை. அந்த இடைவெளியைத்தான் தேடுகிறோம்.

இதில் இரண்டு வகை உண்டு. நோய் மட்டும் தெரியும், தீர்வு எது என்று தெரியாது என்றால் சி-யில் தொடங்கிப் பி-க்கள் வழியாகப் புதிய ஏ-க்களைத் தேடுவது திறந்த தேடல். ஏ, சி இரண்டும் கையில் இருந்து, நடுவில் பாலம் உண்டா என்று மட்டும் பார்ப்பது மூடிய தேடல். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு மூடிய தேடலையே நான் சொல்வேன். திறந்த தேடலில் கிளைகள் பெருகிக்கொண்டே போகும்.

மென்பொருள் எதுவும் இல்லாமல் இதைச் செய்ய முடியுமா?

முடியும். முதல் முறை நோட்டுப் புத்தகத்தில் செய்யும்படிதான் நான் கேட்டுக்கொள்கிறேன். ஒரு விரிந்த பக்கத்தின் இடப்புறம் ஒரு பொருள், வலப்புறம் இன்னொரு பொருள். ஸ்வான்சன் 1988-இல் வெளியிட்ட இரண்டாவது எடுத்துக்காட்டையே பயிற்சிக்குத் தருகிறேன். இடப்புறத் தலைப்பு ஒற்றைத் தலைவலி, வலப்புறத் தலைப்பு மக்னீசியம்.

இடப்புறம் மாணவர்கள் எழுதுகிறார்கள்: செல்களின் கால்சியம் வாயில்களை அடைக்கும் மருந்துகள் ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்கின்றன. வலப்புறம்: மக்னீசியம் இயல்பாகவே கால்சியம் வாயில்களை அடைக்கிறது. இடப்புறம்: தலைவலிக்கு முன் மூளைப் புறணியில் ஒரு மின் ஒடுக்கம் அலையாகப் பரவுகிறது. வலப்புறம்: மக்னீசியம் அந்தப் பரவலைத் தடுக்கிறது. இப்படி ரத்தத் தட்டுகள், செரோடோனின், வீக்கம், வலிப்பு நோய் என்று ஸ்வான்சன் 11 பாலங்களை அடுக்கினார். ஐந்தாவது, ஆறாவது வரிக்கு வரும்போது மேசையில் பேச்சு நின்றுவிடுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். நோட்டில் கையால் எழுதும்போதுதான் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு முழுக் கட்டுரை இருக்கிறது, அதைப் படித்தாக வேண்டும் என்பது உறைக்கிறது.

பிற்காலத்தில் ஸ்வான்சனும் நரம்பியல் ஆய்வாளர் நீல் ஸ்மால்ஹைசரும் சேர்ந்து இந்த வேலைக்கு உதவும் ஆரோஸ்மித் என்ற மென்பொருளை உருவாக்கினார்கள். அதுவும் சொற்பட்டியலைத்தான் தரும். படிக்கும் வேலை ஆளுடையது.

எந்தச் சொல்லைத் தேடினாலும் ஆயிரக்கணக்கில் பாலங்கள் வருகின்றன. எதை வைத்துக்கொள்வது?

'நோயாளி', 'சிகிச்சை', 'அளவு', 'விளைவு' போன்றவை எல்லாத் துறைகளையும் எல்லாத் துறைகளோடும் இணைத்துவிடும். எல்லாவற்றையும் இணைக்கும் சொல் எதையும் இணைப்பதில்லை. ஆகவே முதலில் ஒரு விலக்குப் பட்டியல் வேண்டும். அடுத்து, அந்தச் சொல் இரண்டு தொகுதிகளிலும் பொதுவாக எதிர்பார்க்கும் அளவைவிட அடிக்கடி வருகிறதா என்று பார்க்க வேண்டும். எண்ணிக்கை பெரிதாக இருப்பதைவிட, இந்த விகிதம் பெரிதாக இருப்பதே முக்கியம்.

மூன்றாவது வடிகட்டியைக் கணினியால் செய்ய முடியாது. தாவரவியல் ஆய்வு மாணவி ஒருவர் உவர் நிலத்தில் வளரும் நெல்லைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தார். 'ஸ்ட்ரெஸ்' என்ற சொல்லைப் பாலமாக வைத்துத் தேடியபோது, அவருடைய நெற்பயிருக்கு மிக நெருக்கமானவை என்று கணினி காட்டியவை கான்கிரீட் தூண்களில் விழும் விரிசல்களும் தேர்வு நேரத்து மாணவர்களின் தூக்கமின்மையும். இதைத் தமிழில் யோசித்திருந்தால் அந்தக் குழப்பமே வந்திருக்காது. தூணுக்கு வருவது தகைவு, மாணவருக்கு வருவது மன உளைச்சல், பயிருக்கு வருவது உப்பினால் வரும் நெருக்கடி. ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருப்பது நம் மொழியில் மூன்றாகப் பிரிந்து நிற்கிறது. அன்றிலிருந்து, ஒவ்வொரு பாலச் சொல்லையும் தமிழில் ஒரு முறை சொல்லிப் பார்க்கும்படி மாணவர்களிடம் கேட்கிறேன். இரண்டு பக்கத்துக்கும் ஒரே தமிழ்ச் சொல் பொருந்தவில்லை என்றால் அங்கே நின்று யோசிக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, ஒரே விஷயத்துக்கு இரண்டு துறைகளில் இரண்டு பெயர் இருந்தால்?

அது இன்னும் கடினம். ஏனென்றால் தவறான பாலம் கண்ணில் படும், விடுபட்ட பாலம் படாது. மருத்துவக் கட்டுரைகளில் இதற்கு ஓரளவு தீர்வு உண்டு: பப்மெட்டில் பெரும்பாலான கட்டுரைகளுக்குக் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்தலைப்புகள் இடப்பட்டுள்ளன, வைட்டமின் சி என்று எழுதினாலும் அஸ்கார்பிக் அமிலம் என்று எழுதினாலும் ஒரே தலைப்பின் கீழ் வந்துவிடும். மற்ற துறைகளில் இந்த வசதி குறைவு. அங்கே சொல்லை விட்டுவிட்டுச் சமன்பாட்டையோ, மேற்கோள் பட்டியலையோ ஒப்பிடுவது உதவும். இயற்பியலர் ஜான் ஹாப்ஃபீல்ட் 1982-இல் முன்வைத்த நினைவாற்றல் வலையமைப்பின் கணிதம், காந்தப் பொருள்களில் அணுக்களின் சுழற்சியை விளக்கும் கணிதத்தோடு ஒத்தது. சொற்களை மட்டும் எண்ணுகிற எந்தக் கணினி நிரலும் 'நினைவு' என்பதையும் 'காந்தம்' என்பதையும் பக்கத்தில் வைத்திருக்காது.

இப்போதுதான் ஏஐ வந்துவிட்டதே, அது எல்லாவற்றையும் தானே கண்டுபிடித்துவிடாதா?

இதில் உண்மையான முன்னேற்றம் நடந்திருக்கிறது. 2019-இல் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தைச் சேர்ந்த குழு, பொருளறிவியல் (மெட்டீரியல்ஸ் சயின்ஸ்) பற்றிய 33 லட்சம் கட்டுரைச் சுருக்கங்களை ஒரு நிரலுக்குக் கொடுத்தது. வேதியியலைப் பற்றி அந்த நிரலுக்கு யாரும் எதுவும் கற்றுத் தரவில்லை. எந்தச் சொல் எந்தச் சொற்களின் அருகில் வருகிறது என்பதை மட்டும் வைத்து, ஏறக்குறைய 5 லட்சம் சொற்களை அது ஒவ்வொன்றும் 200 எண்கள் கொண்ட வரிசையாக மாற்றியது. 'வெப்பமின்' என்ற பொருள் தரும் சொல்லுக்கு எண்ணளவில் நெருக்கமாக நின்ற சேர்மங்களில் சிலவற்றை, வெப்பத்தை மின்சாரமாக மாற்றும் பொருள் என்று அதுவரை யாரும் எழுதியிருக்கவில்லை. பழைய ஆண்டுகளின் சுருக்கங்களை மட்டும் கொடுத்துச் சோதித்தபோது, செம்பு, காலியம், டெல்லூரியம் மூன்றும் சேர்ந்த ஒரு சேர்மம் 2012-இல் நல்ல வெப்பமின் பொருளாக அறிவிக்கப்படுவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே முதல் ஐந்து இடங்களுக்குள் வந்திருந்தது.

மருத்துவத்தில் பாரிசிட்டினிப் என்ற மருந்தின் கதை இதைவிட நேரடியானது. முடக்குவாதத்துக்குக் கொடுக்கப்பட்டு வந்த அந்த மருந்து கோவிட் நோய்க்கும் உதவக்கூடும் என்று, மருந்துகளையும் புரதங்களையும் நோய்களையும் இணைக்கும் அறிவு வலை ஒன்றைத் துழாவி, பெனவலென்ட்ஏஐ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2020 பிப்ரவரியில் எழுதினார்கள். பிரிட்டனில் 8,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த ரெக்கவரி பரிசோதனையில் அந்த மருந்து பெற்றவர்களில் 12 சதவீதமும் பெறாதவர்களில் 14 சதவீதமும் இறந்தார்கள். சிறிய வேறுபாடு போலத் தோன்றலாம். நூற்றுக்கு இரண்டு உயிர் என்று படித்தால் அதன் பெறுமதி புரியும்.

இரண்டிலும் நிரல் தந்தது ஒரு வரிசைப் பட்டியல். அதிலிருந்து எதை எடுத்து ஆராய்வது என்பதைத் துறை தெரிந்தவர்கள் முடிவு செய்தார்கள்.

நான் உரையாடும் ஏஐ-யிடம் கேட்டேன். ஸ்வான்சனின் மீன் எண்ணெய்த் தொடர்பை அதுவே கண்டுபிடித்துவிட்டது. அப்படியென்றால் அதை நம்பலாம்தானே?

கண்டுபிடிக்கவில்லை, நினைவுகூர்ந்தது. 1986-க்குப் பிறகு அந்தத் தொடர்பைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள், அந்த எழுத்தும் பயிற்சித் தரவில் இருக்கிறது. விடைத்தாளைப் பார்த்த மாணவருக்குத் தேர்வு வைப்பது போன்றது இது. மேலே சொன்ன பொருளறிவியல் சோதனையில் ஆண்டை வெட்டிப் பயிற்சி கொடுத்ததன் காரணம் இதுதான்: 2008 வரை உள்ள தரவை மட்டும் பார்த்த நிரலிடம் 2012-இன் செய்தியைக் கேட்டால்தான் அது முன்கணிப்பு. நீங்கள் எந்தக் கருவியைச் சோதித்தாலும், அது பார்த்த கடைசிக் கட்டுரையின் ஆண்டு என்ன என்பதை முதலில் எழுதி வையுங்கள். அந்த ஆண்டு தெரியவில்லை என்றால் அந்தச் சோதனையை ஆய்வேட்டில் சேர்க்க வேண்டாம்.

அளவீட்டுத் தரவில் இரண்டு மாறிகளுக்கு நடுவே பி மதிப்பு 0.05-க்குக் கீழே வந்துவிட்டது. தொடர்பு உறுதிதானே?

எத்தனை இணைகளைச் சோதித்தீர்கள் என்பதைச் சொல்லாமல் இதற்கு விடை இல்லை. பி மதிப்பு என்பது (ஏ–பி–சி முறையின் 'பி' அல்ல இது), தொடர்பே இல்லாதபோதும் இப்படி ஒரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பு. 0.05 என்பது, உண்மையில் தொடர்பே இல்லாத இடத்திலும் 20-இல் 1 முறை தொடர்பு இருப்பதுபோல் தோன்ற இடம் தரும் அளவு. தொடர்பில்லாத 20 இணைகளைத் தனித்தனியே சோதித்தால், குறைந்தது ஒன்றாவது தவறாக ஒளிர்வதற்கான வாய்ப்பு 64 சதவீதம். 1,000 இணைகளைச் சோதித்தால் சுமார் 50 போலித் தொடர்புகள் சாதாரணமாகவே வரும். அந்த 50-ஐ மட்டும் அட்டவணையாக்கிக் கொண்டுவருபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஏமாற்றவில்லை, மீதி 950-ஐ எண்ணவில்லை, அவ்வளவுதான்.

அதிகமாகத் தேடும் துறைகள் இதை அனுபவத்தில் கற்றுக்கொண்டன. முழு மரபணுத் தொகுப்பையும் நோய்களோடு ஒப்பிடுபவர்கள், 2 கோடியில் 1 என்ற அளவுக்குக் கீழே போனால்தான் ஒரு தொடர்பைப் பேசவே தொடங்குகிறார்கள். துகள் இயற்பியலர்கள் கண்டுபிடிப்பு என்று அறிவிக்க வைத்திருக்கும் எல்லை ஏறத்தாழ 35 லட்சத்தில் 1. நீங்கள் செய்யக்கூடிய எளிய காரியம், தரவைத் தொடக்கத்திலேயே இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் தேடி, கிடைத்ததை மட்டும் மறுபாதியில் ஒரே ஒரு முறை சோதிப்பது. மறுபாதியை முன்கூட்டியே எட்டிப் பார்க்கக் கூடாது.

மொத்தத் தரவில் ஒரு போக்கு வருகிறது, பிரித்துப் பார்த்தால் தலைகீழாக வருகிறது. எங்கே தவறு செய்தேன்?

கணக்கில் தவறு இல்லாமலே இது நடக்கும். 1973-இல் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பட்டமேற்படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்களில் 44 சதவீதத்தினருக்கும் பெண்களில் 35 சதவீதத்தினருக்கும் இடம் கிடைத்தது. துறை துறையாகப் பிரித்தபோது பெண்களுக்கு எதிரான அந்தப் போக்கு மறைந்தது. பெண்கள், ஆண் பெண் எவராக இருந்தாலும் இடம் கிடைப்பது அரிதான துறைகளுக்கு அதிகமாக விண்ணப்பித்திருந்தார்கள். அந்தத் துறைகளில் ஏன் இடம் குறைவு, பெண்கள் ஏன் அங்கே திரண்டார்கள் என்பவை நியாயமான கேள்விகள். அவை வேறு தரவைக் கோருபவை.

துறை கடந்த தேடலில் இந்த ஆபத்து இரட்டிப்பாகிறது. இரண்டு துறைகளின் தரவைக் கலக்கும்போது எந்தக் குழு எவ்வளவு கலந்தது என்பது எளிதில் மறந்துபோகும். கலப்பதற்கு முன் ஒவ்வொரு வரிக்கும் அது வந்த இடத்தைக் குறிக்கும் ஒரு நெடுவரிசையை அட்டவணையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிலநடுக்கம், ஊர்களின் மக்கள்தொகை, சொற்களின் எண்ணிக்கை எல்லாம் மடக்கை (லாக்) அளவில் கோடிட்ட தாளில் ஒரே நேர்கோடாக வருகிறதே. இவற்றுக்குப் பின்னால் ஒரே விதி இருக்கிறதா?

வடிவம் ஒன்றாக இருப்பதால் காரணமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அடுக்கு விதிபோல, அதாவது ஓர் அளவு மற்றோர் அளவின் ஓர் அடுக்காக மாறுவதுபோலத் தோன்றும் பரவல்களைப் பல வேறு வழிமுறைகள் உண்டாக்க முடியும். தவிரவும், மடக்கைத் தாளில் பலவும் நேர்கோடு போலத் தோன்றிவிடும். 2009-இல் கிளாசெட், ஷலீசி, நியூமன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் அடுக்கு விதி என்று கருதப்பட்ட 24 தரவுத் தொகுப்புகளைக் கடுமையாகச் சோதித்தபோது, சில தேறின, சில தேறவில்லை. கண்ணால் கோடு போட்டுப் பார்த்ததை மட்டும் வைத்து ஆய்வேட்டில் ஒரு இயல் எழுத வேண்டாம்.

வேறு துறையின் தரவை அப்படியே எடுத்துப் பயன்படுத்தலாமா?

அந்தத் துறையில் வேலை செய்யும் ஒருவரிடம் கேட்காமல் வேண்டாம். மனித மரபணுக்கள் சிலவற்றுக்கு 'மார்ச்1', 'செப்ட்2' என்று பெயர்கள் இருந்தன. எக்செல் அவற்றைத் தேதிகள் என்று எடுத்துக்கொண்டு மாற்றிவிடும். 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, எக்செல் மரபணுப் பட்டியலை இணைத்திருந்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதைக் கண்டது. கடைசியில், 2020-இல் மரபணுக்களின் பெயர்களையே மாற்றினார்கள். மரபணுவியலர் பட்டியலைப் பார்த்ததும் பிழையைக் கண்டுகொள்வார். வெளியிலிருந்து வருபவருக்கு 'மார்ச் 1' ஒரு நாளாகத்தான் தெரியும்.

ஒரு பரிசோதனை ஆதரிக்கிறது, இன்னொன்று மறுக்கிறது. தொடர்பு உண்டா இல்லையா?

மேலே நோட்டுப் புத்தகத்தில் எழுதிய மக்னீசியத்துக்கே இது நேர்ந்தது. 1996-இல் வெளியான ஒரு பரிசோதனையில் 81 பேர் பங்கேற்றார்கள். நாளுக்கு 600 மில்லிகிராம் மக்னீசியம் பெற்றவர்களுக்குத் தலைவலி வரும் தடவைகள் 41.6 சதவீதமும் போலி மாத்திரை பெற்றவர்களுக்கு 15.8 சதவீதமும் குறைந்தன. அதே ஆண்டில் வேறொரு மக்னீசிய உப்பைக் கொடுத்து நடந்த பரிசோதனையில் பயன் எதுவும் தெரியவில்லை. எந்த உப்பு, எவ்வளவு, எத்தனை வாரம், எப்படிப்பட்ட நோயாளிகள் என்ற நான்கையும் அருகருகே எழுதினால்தான் முரண்பாட்டின் காரணத்தை யோசிக்கவாவது முடியும்.

இதோடு இன்னொன்றும் உண்டு. பயன் தராத பரிசோதனைகள் அச்சேறுவது குறைவு. திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகள் அதன் பிறகும் மேற்கோள் காட்டப்படுகின்றன. அச்சில் உள்ளதை மட்டும் எண்ணும் முறை இந்தச் சாய்வை அப்படியே பெற்றுக்கொள்கிறது. உங்கள் பாலத்தைத் தாங்கும் ஒவ்வொரு கட்டுரையும் திரும்பப் பெறப்பட்டதா என்று பப்மெட் பதிவிலேயே பார்த்துவிடுங்கள். ஒரு நிமிட வேலை.

சந்தா கட்டும் வசதி எங்கள் கல்லூரிக்கு இல்லை. நம் ஊர்த் தரவு ஏதாவது உண்டா?

பப்மெட் சுருக்கங்கள் எல்லாருக்கும் இலவசம். நீங்கள் அரசுக் கல்வி நிறுவனத்தில் இருந்தால், 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தின் வழியே 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களைப் படிக்கலாம். உங்கள் நூலகரிடம் பதிவு முறையைக் கேளுங்கள்.

நம் ஊர்த் தரவில் நான் முதலில் காட்டுவது, சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனம் உருவாக்கிய இம்பாட் தரவுத்தளம். 2018-இல் 1,742 இந்திய மூலிகைகளோடு வெளிவந்து, இரண்டாம் பதிப்பில் 4,010 மூலிகைகளாக விரிந்தது. மரபு மருத்துவ நூல்களிலும் வேதியியல் கட்டுரைகளிலும் சிதறிக் கிடந்த செய்திகளை, எந்தத் தாவரத்தின் எந்தப் பகுதியில் எந்த வேதிப்பொருள் என்ற வடிவில் கோத்திருக்கிறார்கள். மூலிகை ஏ, வேதிப்பொருள் பி, நோய் சி என்று மேலே சொன்ன முறையை வைத்துப் பழக இதைவிட நல்ல களம் எனக்குத் தெரியாது.

எனக்குக் கிடைத்த தொடர்பு ஏற்கெனவே தெரிந்ததா, புதியதா என்று எப்படி உறுதி செய்வது? இரண்டு துறையிலும் நான் நிபுணர் இல்லையே.

உவர் நில நெல்லை ஆராய்ந்த மாணவிக்குத் திரும்புகிறேன். 'ஸ்ட்ரெஸ்' என்ற சொல்லை விலக்கிவிட்டுக் குறிப்பான சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி தேடினார். உப்பு மிகும்போது பல பயிர்களில் சேரும் புரோலின் என்ற அமினோ அமிலம் பாலமாக வந்தது. மறுகரையில் நின்றவை உறைபனியில் உயிர் பிழைக்கும் பூச்சிப் புழுக்கள். உப்பு மண்ணிலும் உறைபனியிலும் செல்கள் நீரை இழக்கின்றன என்று புரிந்துகொண்டு மிகுந்த மகிழ்ச்சியோடு வந்தார். ஏ, சி இரண்டையும் சேர்த்துத் தேடினோம். இரண்டையும் பற்றிப் பேசும் கட்டுரைகள் ஏற்கெனவே இருந்தன. அவர் முகம் வாடிவிட்டது. ஆனால் முறை சரியாக வேலை செய்தது என்பதற்கு அதுவே சான்று. உண்மையான பாலத்தைத்தான் அது காட்டியிருந்தது.

நிபுணர் இல்லை என்பதற்காகத் தயங்க வேண்டாம். மேலே சொன்னபடி ஸ்வான்சனும் மருத்துவர் அல்லர். முதலில் ஏ, சி இரண்டுக்கும் உள்ள மாற்றுப் பெயர்கள் அனைத்தையும் சேர்த்துத் தேடுங்கள். பிறகு இரண்டு தொகுதிகளும் ஒன்றையொன்று மேற்கோள் காட்டுகின்றனவா என்று பாருங்கள். இரண்டிலும் எதுவும் வரவில்லை என்றால், ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் மிக வலுவான ஒரு கட்டுரையை அச்செடுத்து, பாலமாக நிற்கும் வாக்கியத்தை இரண்டிலும் அடிக்கோடிட்டு, அந்தந்தத் துறையில் வேலை செய்யும் ஒருவரிடம் நேரில் கொண்டுபோய், "ஐயா, இந்த இரண்டு வாக்கியங்களும் ஒரே பொருளைத்தான் பேசுகின்றனவா?" என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் விடை கிடைத்துவிடும். அந்த மாணவி இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு விலங்கியல் துறைக்குப் போனார். அவர் திரும்பி வந்தபோது கையில் மூன்றாவதாக ஒரு கட்டுரை இருந்தது. பூச்சியியல் ஆசிரியர் கொடுத்தது. இப்போது அதில் உள்ள சொற்களைத் தம் நோட்டின் வலப்பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறார்.